இலையுதிர்ந்த விளையில் நான் எடுத்த அளவு

போன வாரம், சோலார் மாட்டப் போற உங்கள்ல ஒருத்தர் போன் பண்ணி, நிழல் விழுற வீட்டுக்கு எந்த இன்வெர்ட்டர் போடணும்னு கேட்டீங்க. நான் வெடுக்குனு, அதெல்லாம் கம்பெனி புத்தகத்துல கெடக்கு, பாத்துக்கிடுங்கன்னு சொல்லி வச்சிட்டேன். பெறவு மனசு கேக்கல. கேட்டதுல ஒரு குத்தமும் இல்ல. அதே கேள்விக்கு ஒரு தடவ நானே தப்பா பதில் எழுதி, கீழ கையெழுத்தும் போட்டுக் குடுத்தவன். அத மறச்சிட்டுப் பதில மட்டும் சொன்னா எனக்கே என்னப் பிடிக்காது. அதனால முழுசா சொல்லுதேன், கேளுங்க மக்கா.

நான் மணவாளக்குறிச்சிக்காரன். மஸ்கட்ல பதினெட்டு வருஷம் எலக்ட்ரீசியனா இருந்திட்டு, ஊருக்கு வந்து நாகர்கோவில்ல ஒரு சோலார் கம்பெனில சேந்தேன். வீட்டப் போய்ப் பாக்கது, மாடிய அளக்கது, அங்க என்ன சாமான் போடணும்னு தீர்மானிக்கது, இதுதான் ரிட்டயர் ஆகுற வர என் சோலி. கடற்கரைல பொறந்தவனுக்கு நிழல்னா தென்னதான். தென்ன வருஷம் பூரா ஒரே மாதிரி நிக்கும். தைலயும் அதே ஓல, ஆடிலயும் அதே ஓல. ஒரு தடவ நிழல அளந்தா அந்தக் கணக்கு ஆயுசுக்கும் நிக்கும். நிழல்ல எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லன்னு கொஞ்சம் தலக்கனம் இருந்துது. கொஞ்சம்னு ஏன் பொய் சொல்லணும், நெறையவே இருந்துது.

அந்தத் தலக்கனத்தோட ஒரு ஜனவரி மாசம் சிதறால் பக்கம் எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போனேன். கணக்கு டீச்சர், ரிட்டயர் ஆனவங்க. அவங்க வீட்டுக்காரர் வில்சன், கல்ஃப்ல கிரேன் ஓட்டிட்டு ஊர் வந்து சேந்தவர். ஒரு நிமோனியா வந்து, அதுக்குப் பெறகு நுரையீரல் சரியாகாம ஆஸ்பத்திரில கெடந்தார். ராப்பகலா மூக்குல ஆக்சிஜன் வேணும். சிலிண்டர் இல்லாம, கறண்டுல ஓடி, காத்துல இருந்தே ஆக்சிஜனப் பிரிச்சுக் குடுக்க மெஷின் ஒண்ணு உண்டு. அத வீட்ல வச்சுக்கிட்டா அவரக் கூட்டிட்டுப் போலாம்னு டாக்டர் சொல்லிட்டார்.

ஆனா ஒரு நிபந்தன வச்சார். அந்தப் பக்கமெல்லாம் மரக்காடு. மழ பெஞ்சா மரம் சரிஞ்சு கம்பில விழும், கறண்டு திரும்ப வர ஒரு நாளோ ரெண்டு நாளோ ஆவும். கறண்டு போனாலும் மெஷின் நிக்காதுன்னு உறுதி இருந்தாத்தான் வீட்டுக்கு விடுவேன்னார். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் பக்கத்துல இருக்கட்டும், ஆனா அது சில மணி நேரம்தான் தாங்கும், அத நம்பி ஆள அனுப்ப மாட்டேன்னு கறாரா சொல்லிட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

வில்சனுக்கு ஆஸ்பத்திரில சோறு எறங்கல. நாளுக்கு நாள் மெலிஞ்சு, யார்ட்டயும் பேசாம சொவரப் பாத்துப் படுத்துக் கெடந்தாராம். டீச்சர் மொத நாளே என்ட்ட சொன்னாங்க, “அண்ணா, அவரு அங்கயே கெடந்தா எனக்கு மிஞ்ச மாட்டாரு. எப்படியாவது வீட்டுக்குக் கொண்டு வரணும்.” அதுக்கு மேல விளக்கம் எனக்கு வேண்டி இருக்கல.

மாடில ஏறிப் பாத்தேன். கெழக்க, மேட்டுல, பக்கத்து வீட்டுக்காரருக்க ரப்பர் விளை. மேக்க ஒரு பெரிய பாற. சாயங்காலம் மூணு மணிக்கு மேல அந்தப் பாற வெயில மறைக்கும், அத கணக்குல எடுத்துக்கிட்டேன். கெழக்க ரப்பர் மரமெல்லாம் வெறும் குச்சியா நின்னுது. காலைல எட்டு மணிக்கே மாடி முழுக்க நல்ல வெயில். எனக்கு வேற ஒரு யோசனையும் வரல. பத்து பேனல், பத்தையும் ஒரே வரிசையாக் கோத்து, பேனல் வயர் நுழைய ஒரே ஒரு இன்புட் உள்ள ஹைப்ரிட் இன்வெர்ட்டர், கூட ஒரு பேட்டரின்னு எழுதினேன். ஹைப்ரிட்னா கறண்டு போன பெறகும் பேட்டரிய வச்சு வீட்ட ஓட்டுற சாதனம்னு உங்களுக்குத் தெரியும். கீழ, ‘காலை நிழல் இல்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீச்சர் அந்தக் காயிதத்த பத்திரமா கொண்டு போயி டாக்டர்ட்ட காட்டினாங்க.

சாமான் கெடைக்க மார்ச் கடைசி ஆச்சு. மானியம் வந்த பெறவு ஆளாளுக்கு சோலார் கேட்டு, வெளிநாட்டுல இருந்து வர வேண்டிய இன்வெர்ட்டர் எல்லாம் கப்பல்ல தங்கிப் போன சமயம் அது. டீலர்ட்ட கேட்டா அடுத்த வாரம்பான். அவனுக்க அடுத்த வாரம் ரெண்டு மாசம் நீண்டுது. எப்படியோ நான் எழுதிக் குடுத்த சாதனம் ஒண்ணு கெடச்சுது. டாக்டரும் வில்சன அனுப்ப நாள் குறிச்சிட்டார். குருத்தோல ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழம. ஈஸ்டருக்கு ஆளு வீட்ல இருப்பார்னு டீச்சர் சபை முழுக்கச் சொல்லியாச்சு.

மாட்டப் போன அன்னைக்கு காலைல ஒம்பது மணிக்கு மாடில ஏறினா, பாதி மாடி இருட்டிக் கெடக்கு. நிமிந்து பாத்தேன். ரப்பர் விளை பூரா பச்சப் பச்சேன்னு தளுத்து, வெயில ஒரு துளி விடாம மறச்சிட்டு நிக்குது. பால் வெட்டிட்டு வாளியோட எறங்கி வந்த ஒரு பொம்பிள கீழ நின்னு, என்ன சாறே அங்கன அண்ணாந்து பாக்கியன்னு கேட்டா. ஜனவரில இந்த மரத்துல இல இல்லியேன்னு சொன்னேன். அவ சிரிச்சா.

“தைல ரப்பருக்கு இல உதிரும்லா சாறே? நாங்க வெட்டையே நிறுத்திப் போடுவோம். மாசிலயாக்கும் தளுக்கும். இது கூட அறிய மாட்டியளா?”

அறிய மாட்டேன். அம்பது கிலோமீட்டருக்குள்ள பொறந்து வளந்து, அத அறியாம, நிழல் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கேன். ரப்பர் வளருத மேக்கத் தாலுகால பொறந்த ஒருத்தனும் இந்தத் தப்ப செஞ்சிருக்க மாட்டான். தென்னந்தோப்புல நிழல் பாத்துப் படிச்ச எனக்குன்னே காத்துக் கெடந்த தப்பு அது.

இப்ப நல்லாக் கேளுங்க. அன்னைக்கு என் கூட வந்தவங்க கம்பிய எறக்கி, பேனல மாடில ஏத்த ஆரம்பிச்சாச்சு. பேசாம மாட்டிட்டுப் போயிருக்கலாம். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எல்லாம் அழகா ஓடும். டீச்சர் கையெடுத்துக் கும்பிடுவாங்க. ஆனா ஒரே வரிசையாக் கோத்தா, நிழல்ல கெடக்க பேனல் வெயில்ல நிக்க பேனலயும் கீழ இழுக்கும். காலைல பாதி நேரம் போச்சு, சாயங்காலம் பாற மறச்சுது. மிச்சம் நடுவுல கொஞ்ச நேரம். ஜூன் மழைல ரெண்டு நாள் கறண்டு போனா பேட்டரி நெறையாது. அது தெரியுறது வில்சனுக்கு மூச்சு முட்டும்போதுதான். வாய மூடிட்டுப் போலாமான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். நெனச்சத மறைக்க மாட்டேன், நெனச்சேன்.

பேனல எறக்கச் சொல்லிட்டு டீச்சர்ட்ட போயி உள்ளதச் சொன்னேன். அவங்க சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா கொள்ளாம்னு இருந்துது.

“நீங்க கையெழுத்துப் போட்டத நம்பித்தானே நான் அவர்ட்ட நாள் சொன்னேன்? அவரு வெரல் விட்டு எண்ணிட்டுக் கெடக்காரு. இப்ப போயி நான் என்ன சொல்லட்டும்?”

அம்பத்தொம்பது வயசுல, ஒரு வீட்டு முத்தத்துல தலயக் குனிஞ்சிட்டு நின்னேன், கண்ணு நெறஞ்சு போச்சு. மரத்த வெட்டச் சொல்லிக் கேக்கலாமான்னு கூட வந்த ஒருத்தன் கேட்டான். டீச்சர்தான் வேண்டாம்னாங்க. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தப் பால்தான் வருமானம், அவருக்கப் பிள்ளைங்க படிக்குது, அத நான் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க.

கம்பெனிக்கு வந்து முதலாளிட்ட சொன்னேன். அவர் நல்ல மனுஷன், திட்டல. கொடவுன்ல மைக்ரோ இன்வெர்ட்டர் ஒரு பாடு கெடக்கே, அதக் கொண்டு போயி மாட்டும், நிழலுக்குன்னே செஞ்ச சாமான்லான்னார். சரிதான். மைக்ரோன்னா ஒவ்வொரு பேனலுக்கு அடியிலும் ஒரு குட்டிப் பெட்டி. ஒண்ணுல நிழல் விழுந்தா அது மட்டும் கொறையும், மத்தது தன் வேலயப் பாக்கும். புத்தகத்துல நிழல்னு தேடினா மொதல்ல வருத பதில் அதுதான். எனக்கு உயிர் வந்துது. அப்பவே டீச்சருக்கு போன் பண்ணி, ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்னு மூச்சு விடாமச் சொன்னேன். அவங்க எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

“அண்ணா, கறண்டு போனா இது ஓடுமா?”

அப்பதான் எனக்கு ஒறச்சுது, ஓடாது. தக்கலைல ஒரு வக்கீல் வீட்ல நானே அந்தச் சாமான மாட்டியிருக்கேன். கறண்டு போன ஒரு நாள் அவர் கூப்பிட்டு, வெயிலு மண்டயப் பொளக்கு, ஒம்ம பெட்டி ஏன் ஒறங்குதுன்னு ஒரு மணி நேரம் குறுக்கு விசாரண பண்ணினார். வெளிய கறண்டு இல்லன்னா அதுவும் நின்னுரும். கம்பில ஏறி வேல செய்ற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படித்தான் செஞ்சிருக்கு. கூட வேற ஒரு சாதனமும் பேட்டரியும் சேத்தா ஓட வைக்கலாம், ஆனா அந்தச் சாதனம் அன்னைக்கு நான் விசாரிச்ச ஒரு எடத்துலயும் இல்ல. இவ்வளவும் தெரிஞ்ச நான் அத மறந்திட்டேன். நான் நிழலயே பாத்துட்டு நின்னேன், டீச்சர் வில்சனப் பாத்துட்டு நின்னாங்க.

இன்னொரு வழி உண்டு. ஹைப்ரிட்டோட, பேனலுக்குப் பேனல் ஆப்டிமைசர்னு ஒரு பெட்டி மாட்டலாம். அது நிழலயும் சமாளிக்கும், கறண்டு போனாலும் ஓடும். மதுரை, கொச்சி, கோயம்புத்தூர்னு எல்லா டீலரையும் கூப்பிட்டேன். ஜூன் கடைசின்னாங்க. ஜூன் கடைசி வர வில்சன் ஆஸ்பத்திரில கெடக்கணுமா?

கெடைக்காத சாமான நெனச்சு மருகுறத விட்டுட்டு, ஒரு சாக்குக்கட்டிய எடுத்துட்டு டீச்சர் வீட்டு மாடில போயி இருந்தேன். ரெண்டு நாள் முழுக்க அங்கதான். மணிக்கு ஒரு தடவ நிழலுக்க ஓரத்துல கோடு போட்டேன். ஜனவரில இதச் செஞ்சிருந்தாலும் இல இல்லாத நிழலத்தான் அளந்திருப்பேன், அது வேற காரியம். ரெண்டாவது நாள் சாயங்காலம் அந்தக் கோடெல்லாம் நின்னு பாத்தா, விஷயம் தெளிவாக் கெடக்கு. ரப்பர் நிழல் காலைல மாடிய முழுக்க மூடும், சூரியன் ஏற ஏற மேக்குப் பக்கத்துல இருந்து வெலகும். பாற நிழல் மூணு மணிக்கு மேக்க இருந்துதான் ஏறும். அப்ப, மேக்குப் பாதிக்கு வெயில் சீக்கிரம் வந்து சீக்கிரம் போவுது, கெழக்குப் பாதிக்கு தாமதிச்சு வந்து தாமதிச்சுப் போவுது. பத்தையும் ஒண்ணாக் கட்டினாத்தான் ஒண்ண ஒண்ணு இழுக்கும். அஞ்சு அஞ்சா ரெண்டு வரிசையாப் பிரிச்சு, ரெண்டுக்கும் தனித்தனி இன்புட் இருந்தா, ஒண்ணு மாத்தி ஒண்ணு நாள் முழுக்க வேல செய்யும். கூட இன்னொரு பேட்டரி. பேட்டரில ஓடுற லைன்ல ஆக்சிஜன் மெஷினும், ஒரு ஃபேனும், ஒரு லைட்டும் மட்டும். டீச்சர் ஃபிரிட்ஜக் கேட்டாங்க, முடியாதுன்னுட்டேன்.

ரெண்டு இன்புட் உள்ள ஹைப்ரிட் கம்பெனில ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது. அதுலயும் பேர் எழுதியாச்சு. கருங்கல்ல ஹார்டுவேர் கட வச்சிருக்க ஒரு அண்ணாச்சிக்கு உள்ளது. அவர் கட மாடில ஒரு பொட்டு நிழல் கெடையாது, ஒரு இன்புட் சாதனமே தாராளம். ஆனா நல்ல பெரிய சாமானா குடும்னு அவர் கேட்டப்ப, நானும் யோசிக்காம இத எழுதி வச்சிருந்தேன். முதலாளி, அவர்ட்ட போயி நீரே கேளும், என்னால முடியாதுன்னு கழண்டுக்கிட்டார்.

நெத்தில நாமமும் தொண்டைல வெண்கலமுமா உள்ள ஆளு அவர். கடைல நாலு பேரு நிக்கும்போது விஷயத்தச் சொன்னேன். எனக்கு எழுதின சாமான இன்னொருத்தனுக்குத் தூக்கிக் குடுக்க நீரு யாரு ஓய்னு தெரு முழுக்கக் கேக்க மாதிரி சத்தம் போட்டார். நான் ரப்பர் இலைல இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். உங்க மாடிக்கு இந்தச் சாதனத்தால ஒரு லாபமும் இல்ல, அதுவும் நான் யோசிக்காம எழுதினதுதான்னும் சொன்னேன். கேட்டுட்டு, ஆணி தூக்கிட்டு இருந்த தராசக் கீழ வச்சார்.

“தப்பு உம்ம மேலயா, கம்பெனி மேலயா?”

“என் மேலதான்.”

“அப்பம் கொண்டு போவும். கம்பெனி மேலன்னு சொல்லியிருந்தா தந்திருக்க மாட்டேன்.”

அவ்வளவுதான். அந்த ஆளுக்கு வில்சன் யாருன்னு தெரியாது, சிதறால்ல அந்த வீடு எங்கன்னு தெரியாது. ஒரு இன்புட் சாதனத்த மாட்டிக்கிட்டு இன்னைக்கும் கட நல்லாத்தான் ஓடுது.

சாமான் கையில வந்து, மாட்டி முடிக்கும்போது ஈஸ்டர் கழிஞ்சு போச்சு. வில்சன் ஈஸ்டர ஆஸ்பத்திரில படுத்துட்டுத்தான் கொண்டாடினார். அது என் கையெழுத்துக்கான தண்டன, அத அவர் அனுபவிச்சார். இன்னைக்கும் எனக்கு அது வருத்தம்தான்.

மாட்டின பெறவும் டீச்சர் லேசுல விடல. கணக்கு டீச்சர்லா. டாக்டர்ட்ட சொல்றதுக்கு முன்ன நான் பரீட்ச வைக்கணும், மோசமான நேரத்துல வைக்கணும்னாங்க. சாயங்காலம் பாற நிழல் ஏறினதும் மெயின நிறுத்தச் சொன்னாங்க. ஆக்சிஜன் மெஷின ஓட விட்டு, அதுக்கக் கொழாய ஒரு டம்ளர் தண்ணில போட்டாங்க. காத்து வந்தா குமிழ் வரும், நின்னா தெரிஞ்சுரும். நான் வீட்டுக்குப் போயிட்டு மறுநாள் விடிஞ்சதும் வந்தேன். மேகம் கெட்டியா இருந்துது. டீச்சர் ஒரு நோட்டுல பேட்டரி எவ்வளவு கெடக்குன்னு எழுதிட்டே வந்திருக்காங்க. குமிழ் வந்துட்டே இருந்துது. ரப்பருக்க பின்னால இருந்து வெளிச்சம் ஏறி வந்ததும் மேக்கு வரிச மொதல்ல முழிச்சுது, பேட்டரி எறங்குறது நின்னு ஏற ஆரம்பிச்சுது. மத்தியானம் வர எழுதிட்டு இருந்த டீச்சர் நோட்ட மூடினாங்க. சரி அண்ணா, கூட்டிட்டு வாறேன்னாங்க. ரெண்டு நாள்ல வில்சன் வீட்டுக்கு வந்தார்.

உங்களுக்கு நான் சொல்றது இதுதான். கெடைக்காத சாமான் எப்பவும் கெடைக்கதவிட நல்லதாத்தான் தெரியும், அதுக்காகக் காத்திருந்து ஆளக் கொல்லாதீங்க. கொடவுன்ல கெடக்குங்கிறதுக்காகவும் ஒரு சாமான ஒருத்தர் தலைல கட்டாதீங்க. மாடிக்கு ஏறுறதுக்கு முன்ன, இந்தக் கறண்ட வச்சு இவங்க என்ன செய்யப் போறாங்க, அது நின்னா யாருக்கு என்ன ஆவும்னு கேளுங்க. அந்த ஊர்ல எந்த மரம் எப்ப உதிரும்னு அந்த மரத்துல வேல செய்றவங்கள்ட்ட கேளுங்க, கேக்கதுல கொறஞ்சு போக ஒண்ணும் இல்ல. தப்பு செஞ்சா வெரசலா ஒத்துக்கிடுங்க, மரியாத கொஞ்சம் போனாலும் சாமான் கெடைக்கும்.

ஜூன்ல மழ புடிச்சுது. சிதறால் பக்கம் நாலஞ்சு எடத்துல மரம் விழுந்து, ரெண்டு நாளா கறண்டு இல்லன்னு கேள்விப்பட்டேன். டீச்சருக்கு போன் அடிச்சா கெடைக்கல, டவரும் போயிருக்கும் போல. எனக்கு இருக்கக் கொள்ளல. வெப்ராளம் புடிச்சு பைக்க எடுத்துட்டு மழையோட போனேன். வழி நெடுக என் கணக்கயே திரும்பத் திரும்பக் கூட்டிப் பாத்துட்டு, எங்கயாவது பெசகு இருக்குமோன்னு பயந்துட்டே போனேன். வாசல்ல காலிங் பெல் அடிக்கல, அதுக்குக் கறண்டு இல்ல. கதவத் தட்டினேன்.

டீச்சர் கையில கறிக் கரண்டியோட வந்து தெறந்தாங்க. நான் சொட்டச் சொட்ட நிக்கதப் பாத்து, என்னண்ணா இந்த மழையிலன்னு கேட்டாங்க. உள்ள ஆக்சிஜன் மெஷினுக்க சத்தம் நிதானமாக் கேட்டுது.

“ரெண்டு நாளா இங்க கறண்டு இல்லன்னு சொன்னாங்க டீச்சர், அதான் ஓடி வந்தேன்.”

அவங்க என்ன ஒரு மாதிரி பாத்தாங்க.

“ஆமா, இல்ல. அதுக்கென்ன?”

உள்ள இருந்து வில்சன், யாருட்டி அது, கேறி வரச் சொல்லு, மீன் கறிக்குப் புளி பத்துமான்னு அந்த ஆள்ட்டயும் கேளுன்னு கத்தினார். நான் நனஞ்ச சட்டையோட உள்ள கேறினேன். புளி பத்தலதான்.